டம்ப்ஸ்டரை எடுத்துச் சென்றுவிட்டால் நம் பொறுப்பு முடிந்ததா?

வாசகரின் கடிதம், சுருக்கமாக:

கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட் நகரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவரும் கணவரும் 1962-ல் கட்டப்பட்ட ஒரு வீட்டை வாங்கியிருக்கிறார்கள். முன்பு அங்கே குடியிருந்த பெரியவர் காலமாகிவிட, பிள்ளைகள் வீட்டை இருந்தது இருந்தபடியே விற்றுவிட்டார்கள். கராஜ் முழுக்க அவர் சேர்த்து வைத்த சாமான்கள், ஒரு பழைய ஃப்ரிட்ஜும் அதில் சேரும். அதையெல்லாம் கழிக்க 20 கன கஜ டம்ப்ஸ்டர் (லாரியில் ஏற்றிச் செல்லும் பெரிய குப்பைப் பெட்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து, வார இறுதியில் நண்பர்களோடு சேர்ந்து நிரப்பியிருக்கிறார்கள். திங்கட்கிழமை வந்த டிரைவர் மேலே ஒரு பழைய பிக்சர் டியூப் டிவியும், ஒழுகும் பெயிண்ட் டின்களும், ட்யூப்லைட்டுகளும் கிடப்பதைப் பார்த்துவிட்டு, தூக்க மாட்டேன் என்று போய்விட்டார். "தடை செய்யப்பட்ட பொருட்களை அகற்றுங்கள், இல்லையென்றால் தனிக் கட்டணம் விதிப்போம், அதுவரை தினசரி வாடகையும் ஓடும்" என்று கம்பெனியிடமிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது.

டிவியைத் தாங்கள் போடவே இல்லை, இரவில் யாரோ போட்டுவிட்டார்கள் என்கிறார் வாசகி. எல்லாவற்றையும் அடியில் தள்ளி மேலே பலகை போட்டு மூடிவிடலாம் என்று கணவர் சொல்கிறார். பெயிண்ட்டில் பூனை மண்ணை (வீட்டுப் பூனையின் கழிவுத் தட்டில் போடும், ஈரம் உறிஞ்சும் மண்) கொட்டிக் காயவைத்தால் போதும் என்கிறார் ஒரு நண்பர். பிக்கப் டிரக் வைத்திருக்கும் ஒருவரிடம் காசு கொடுத்தால் அள்ளிக்கொண்டு போய்விடுவார் என்கிறார் இன்னொருவர். வீட்டுக் குப்பைக்கு அபாயக் கழிவுச் சட்டத்தில் விலக்கு உண்டு என்று வாசகியும் எங்கோ படித்திருக்கிறார். அடுத்த வாரம் அறைகளின் உட்கூரையில் உள்ள பாப்கார்ன் பூச்சை (பொரி ஒட்டியதுபோல் சொரசொரப்பான பழைய பூச்சு) சுரண்டி இதே டம்ப்ஸ்டரில் போடத் திட்டம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமனாருக்கு இன்சுலின் போடுவதால் சேரும் ஊசிகளை என்ன செய்வது என்பது இன்னொரு கவலை. "வாடகை கொடுத்தது நாங்கள். எதைப் போடலாம், எதைப் போடக் கூடாது என்று அவர்கள் எப்படிச் சொல்லலாம்?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அபாயக் கழிவு மேலாண்மைப் பொறியாளரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டிரைவர் தூக்காமல் போனது உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் அது உங்களுக்கு நல்லதாகவே முடிந்திருக்கிறது. பொருட்கள் இன்னும் உங்கள் டிரைவ்வேயில்தான் இருக்கின்றன. கையால் எடுத்து வெளியே வைத்துவிட்டால் விஷயம் அத்தோடு தீர்ந்தது. டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷனில் (குப்பையை இறக்கிப் பிரித்துக் கிடங்குக்கு அனுப்பும் இடம்) கொட்டிய பிறகு இவை கண்ணில் பட்டிருந்தால், அங்கே தனியாகப் பிரித்து அபாயக் கழிவாக அனுப்பும் செலவு முழுக்க உங்கள் பில்லில் ஏறியிருக்கும். அந்தக் கட்டத்தில் உங்களால் செய்யக்கூடியது எதுவும் இருந்திருக்காது.

கணவர் சொல்லும் யோசனையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்கள் இன்று மாலையே அதைச் செய்துவிடக்கூடும். தயவுசெய்து செய்யாதீர்கள். டம்ப்ஸ்டரை லாரியில் ஏற்றிக்கொண்டுபோய் அப்படியே குழியில் புதைப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷனின் தளத்தில் பின்பக்கம் சாய்த்துக் கொட்டுவார்கள். கொட்டும்போது குவியல் உருண்டு சரியும், அடியில் மறைத்தது மேலே வந்து நிற்கும். லோடர் அதைப் பரப்பும். பல இடங்களில் மரம், உலோகம், அட்டை என்று ஆட்கள் நின்று கையால் பிரிக்கிறார்கள். உடைந்த ட்யூப்லைட்டின் பாதரச ஆவியை மூச்சில் இழுப்பவர்கள் அவர்கள்தான். எங்கோ நசுங்கிய லித்தியம் பேட்டரியில் தீ கிளம்பினால் முதலில் ஓட வேண்டியவர்களும் அவர்களே. என் தொழிலில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்: குப்பையைப் போட்டவருக்கு ஒன்றும் ஆகாது, அதைத் தொடுபவருக்குத்தான் ஆகும்.

சட்டப்படியும் இது உங்கள் நிலையை மோசமாக்கும். நேற்றுவரை நீங்கள் தெரியாமல் போட்டவர்கள். மின்னஞ்சல் வந்த பிறகு மறைத்து அனுப்பினால், தெரிந்தே செய்தவர்கள் ஆகிவிடுவீர்கள். அபாயக் கழிவை அனுமதி இல்லாத இடத்துக்குத் தெரிந்தே சேர்ப்பது கலிஃபோர்னியாவில் குற்றம். அந்த மின்னஞ்சலே உங்களுக்கு எதிரான சான்றாக நிற்கும்.

"வாடகை நாங்கள்தானே கொடுத்தோம்?"

கொடுத்தீர்கள். ஆனால் அந்தப் பணத்தில் நீங்கள் வாங்கியது ஒரு குறிப்பிட்ட வகைக் கழிவை, குறிப்பிட்ட எடை வரை, குறிப்பிட்ட இடத்துக்குக் கொண்டுபோகும் சேவையை மட்டுமே. ஒப்பந்தத்தை எடுத்து நிதானமாகப் படியுங்கள். ஏறக்குறைய எல்லா டம்ப்ஸ்டர் ஒப்பந்தங்களிலும் ஒரு பிரிவு இருக்கும்: ஏற்கத்தக்க கழிவின் உரிமைதான் கம்பெனிக்கு மாறும், தடை செய்யப்பட்ட கழிவின் உரிமையும் பொறுப்பும் வாடிக்கையாளரிடமே தங்கும். அதாவது லாரி உங்கள் தெருவைத் தாண்டிப் போன பிறகும் அந்தப் பெயிண்ட் டின் உங்களுடையதுதான். பெட்டி கண்ணில் படாத இடத்துக்குப் போனதும் பொறுப்பும் போய்விட்டது என்ற நினைப்பு பலருக்கும் உண்டு. உங்கள் கடிதத்தில் உள்ள குழப்பங்களில் பாதி இங்கிருந்துதான் வருகின்றன.

தடைப் பட்டியல் கம்பெனியின் மனம்போன போக்கில் போட்டதும் அல்ல. குப்பைக் கிடங்கு எதை ஏற்கக் கூடாது என்று மாநிலச் சட்டம் சொல்கிறது. கிடங்கு ஏற்காததை டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷன் ஏற்காது, அது ஏற்காததை லாரிக்காரர் தூக்க மாட்டார்.

நீங்கள் படித்த விலக்கு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது பொய் இல்லை. 1976-ல் வந்த மத்திய கழிவுச் சட்டத்தின் விதிகள் வீடுகளிலிருந்து வரும் குப்பையை அபாயக் கழிவு என்ற வகையிலிருந்து விலக்கி வைக்கின்றன. சில மாநிலங்களில் இதன் பலனாகப் பல பொருட்களைக் குப்பையில் போட முடிகிறது. கலிஃபோர்னியா அப்படி இல்லை. பேட்டரி, ட்யூப்லைட், எலக்ட்ரானிக் சாமான், பாதரசம் உள்ள தெர்மோஸ்டாட் போன்றவற்றுக்கு வீடுகளுக்கு இருந்த தற்காலிக விலக்கு 2006 பிப்ரவரியில் முடிந்துபோனது. அதன்பின் ஒரு சின்ன பென்சில் பேட்டரியைக் கூட இங்கே குப்பையில் போடக் கூடாது. இணையத்தில் படிக்கும்போது எந்த மாநிலத்துக்கு எழுதியது என்று பாருங்கள். டெக்சாஸ்காரருக்குச் சரியாக இருப்பது உங்களுக்குச் சிக்கலாகலாம்.

எதை எங்கே கொண்டுபோவது?

நல்ல செய்தி என்னவென்றால், உங்கள் பட்டியலில் உள்ள பொருட்களில் பெரும்பாலானவற்றைக் காசில்லாமல் ஒப்படைக்கலாம். அலமீடா கவுன்டியில் ஓக்லண்ட், ஹேவர்டு, லிவர்மோர், ஃப்ரீமான்ட் ஆகிய நான்கு ஊர்களிலும் வீட்டு அபாயக் கழிவு மையங்கள் இருக்கின்றன. ஃப்ரீமான்ட் மையம் பாய்ஸ் சாலையில் உள்ள டிரான்ஸ்ஃபர் ஸ்டேஷன் வளாகத்திலேயே இருக்கிறது. கவுன்டியில் குடியிருப்பவர்களுக்கு இலவசம், அதற்கான பணத்தைச் சொத்துக்காரர்கள் ஏற்கெனவே வரியோடு சேர்த்துக் கட்டுகிறார்கள். ஒரு தடவைக்கு ஒரு வண்டியில் 15 கேலன் அல்லது 125 பவுண்டுக்கு மேல் ஏற்றிச் செல்லக் கூடாது. உங்கள் கராஜுக்கு இரண்டு மூன்று தடவை போக வேண்டியிருக்கும். திறந்திருக்கும் நாட்களை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லா நாளும் திறந்திருப்பதில்லை.

ஒரு நுணுக்கம். நீங்கள் குடியிருக்க வாங்கிய வீடு என்பதால் இது வீட்டுக் கழிவு, முன்னவர் விட்டுப்போனதாக இருந்தாலும் சரி. இதே பொருட்களைக் காண்ட்ராக்டர் ஒருவர் தன் வேலையின் பகுதியாகக் கொண்டுபோனால் அது வணிகக் கழிவு. கட்டணம் உண்டு, முன்பதிவும் வேண்டும். ஆகவே வேலைக்கு ஆள் வருமுன் நீங்களே கொண்டுபோவது லாபம்.

பெயிண்ட். நண்பர் சொன்ன பூனை மண் வைத்தியம் வேறு சில மாநிலங்களில் நீர் கலந்த லேடெக்ஸ் பெயிண்ட்டுக்கு மட்டும் சொல்லப்படுவது. எண்ணெய்ப் பெயிண்ட்டுக்கு அது எங்கேயும் பொருந்தாது. உங்களுக்கு அந்தச் சிரமமே தேவையில்லை. கலிஃபோர்னியாவில் 2012 முதல் பெயிண்ட்கேர் என்ற திட்டம் நடக்கிறது. புதுப் பெயிண்ட் வாங்கும்போது டின்னுக்கு ஒரு சிறு கட்டணம் சேர்த்து வாங்குகிறார்களே, அது இதற்குத்தான். திட்டத்தில் சேர்ந்துள்ள பெயிண்ட் கடைகளில் மிச்சப் பெயிண்ட், வார்னிஷ், ஸ்டெயின் ஆகியவற்றைத் திருப்பிக் கொடுக்கலாம். டின்னில் லேபிள் இருக்க வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு 5 கேலன் என்பது பொதுவான அளவு, சில கடைகள் அதிகமும் வாங்கும். ஸ்ப்ரே டின்னையும் தின்னரையும் கடைகளில் வாங்க மாட்டார்கள். அவையும், ஒழுகிக்கொண்டிருக்கும் டின்களும் பாய்ஸ் சாலை மையத்துக்குப் போகட்டும், ஒழுகுவதை ஒரு பிளாஸ்டிக் வாளியில் நிறுத்தி எடுத்துச் செல்லுங்கள். உள்ளே சுத்தமாகத் தீர்ந்து காய்ந்துபோன காலி டின்னைத் தாராளமாகக் குப்பையில் போடலாம்.

பிரஷ் கழுவிய தண்ணீரைத் தெருவோர மழைநீர் வடிகாலில் ஊற்றிவிடாதீர்கள். அந்த வடிகால் எந்தச் சுத்திகரிப்பும் இல்லாமல் ஓடை வழியாக சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் போய்ச் சேருகிறது. லேடெக்ஸ் பெயிண்ட் பிரஷ் என்றால் வீட்டுச் சிங்கில் கழுவலாம்.

டிவி. பிக்சர் டியூபின் கண்ணாடியில் சில பவுண்ட் ஈயம் இருக்கும், அதனால்தான் தடை. 2005 முதல் இந்த மாநிலத்தில் புதுத் திரை எதை வாங்கினாலும் மறுசுழற்சிக்கென்று ஒரு கட்டணம் வசூலிக்கிறார்கள். அந்த நிதி இருப்பதால் பழைய டிவியை, மானிட்டரை இலவசமாக வாங்கிக்கொள்ளும் இடங்கள் நிறைய உண்டு. தூக்கும்போது திரைப்பக்கம் உங்கள் மார்பை நோக்கி இருக்கட்டும், எடை முழுக்க அந்தப் பக்கம்தான். பின்பக்கம் உள்ள மெல்லிய கழுத்து எதிலும் இடித்துவிடக் கூடாது.

ட்யூப்லைட். புது ட்யூப்லைட் விற்பனையே இங்கே 2025-ல் நின்றுவிட்டது, ஆனால் பழையவை கராஜ்களில் கிடக்கத்தான் செய்கின்றன. உடையாத குழல்களை அட்டைப்பெட்டியில் வைத்து மையத்தில் கொடுங்கள். டம்ப்ஸ்டருக்குள் ஏற்கெனவே ஏதாவது உடைந்திருந்தால் குழந்தைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, சற்று நேரம் காற்றாட விட்டு, கையுறையோடு கெட்டி அட்டையால் அள்ளுங்கள். வீட்டுக்குள் உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டுப் பத்து நிமிடம் வெளியே இருங்கள். அதன்பின் அட்டையால் வாரி, மிச்சத் தூளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுத்து, மூடியுள்ள ஜாடியில் போடுங்கள். வாக்குவம் போடவே கூடாது, அது பாதரசத்தை அறை முழுக்கப் பரப்பிவிடும்.

கராஜ் அலமாரியின் பின்வரிசை. நீங்கள் இதைப் பற்றி எழுதவில்லை, ஆனால் 1962-ம் வருடத்து வீடு என்றதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். அந்தக் காலத்துப் பூச்சிக்கொல்லிகள் இன்னமும் அங்கே இருக்கலாம். டிடிடி 1972-ல் தடை செய்யப்பட்டது. கரையானுக்கு அடித்த குளோர்டேன் 1988 வரை விற்பனையில் இருந்தது. லேபிள் அழிந்த, துருப்பிடித்த டப்பா, பழுப்புக் கண்ணாடிப் பாட்டில் எதையும் திறந்து முகர்ந்து பார்க்காதீர்கள். வேறு பாத்திரத்துக்கு மாற்றவும் வேண்டாம். நிமிர்ந்த நிலையிலேயே ஒரு பெட்டியில் வைத்து, என்னவென்று தெரியாது என்று மையத்தில் சொல்லுங்கள். அவர்கள் இதற்குப் பயிற்சி பெற்றவர்கள். நீச்சல்குளத்துக் குளோரின் இருந்தால் பிரேக் ஆயிலோடும் எண்ணெய்களோடும் ஒரே பெட்டியில் வைக்காதீர்கள், இரண்டும் கலந்தால் தானாகவே தீப்பிடிக்கும். துப்பாக்கிக் குண்டுகள் கிடைத்தால் மையத்துக்கும் கொண்டுபோகாதீர்கள். காவல்துறையின் அவசரமில்லாத எண்ணை அழைத்து, எப்படி ஒப்படைப்பது என்று கேளுங்கள்.

பேட்டரி. கருவிகள், ஃபோன், லேப்டாப்பில் உள்ள லித்தியம் பேட்டரிகளின் முனைகளில் டேப் ஒட்டி, பெரிய ஹார்டுவேர் கடைகளின் வாசலில் உள்ள சேகரிப்புப் பெட்டியில் போடலாம். உப்பிய பேட்டரியை அந்தப் பெட்டியில் போடக் கூடாது. ஓர் உலோகப் பாத்திரத்தில் மணல் நிரப்பி அதில் வைத்து நேராக மையத்துக்குக் கொண்டுபோங்கள். கார் பேட்டரியை அது விற்கும் கடையே வாங்கிக்கொள்ளும்.

ஃப்ரிட்ஜ். கராஜில் ஒரு பழைய ஃப்ரிட்ஜ் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் இருக்கும் குளிர்பதன வாயுவைக் காற்றில் விடுவது 1992 முதல் நாடு முழுக்கச் சட்டவிரோதம். வாயுவை முறைப்படி எடுத்த பிறகே அதை நசுக்க முடியும். புது ஃப்ரிட்ஜ் வாங்குகிறீர்கள் என்றால், கொண்டுவந்து இறக்குபவர்களே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் நகரக் குப்பைச் சேவையில் பெரிய சாமான்களை வீட்டில் வந்து எடுத்துச்செல்லும் வசதியைக் கேட்டுப் பாருங்கள். காத்திருக்கும் நாட்களில் கதவைக் கழற்றி வையுங்கள், விளையாட்டுக்காக உள்ளே போய் மாட்டிக்கொள்ளும் குழந்தைகள் எக்காலத்திலும் உண்டு.

டயர், மெத்தை. இவை விஷமில்லை, ஆனால் கிடங்கில் தொல்லை. முழு டயர் காற்றைப் பிடித்துக்கொண்டு மண்ணுக்கு மேலே எழும்பி வரும். உரிமம் இல்லாமல் ஒரு வண்டியில் 9 டயர் வரை நீங்களே கொண்டுபோகலாம். மெத்தைக்கு மாநிலத்தின் மறுசுழற்சித் திட்டத்தில் இலவச இடங்கள் இருக்கின்றன. டம்ப்ஸ்டரில் போட்டால் தலைக்கு இவ்வளவு என்று தனியாக வாங்குவார்கள்.

பழைய டெக் பலகையும் வேலிக் கம்பமும். இது பெரும்பாலானோருக்குத் தெரிவதில்லை. கறையான் அரிக்காமலிருக்க ரசாயனம் ஏற்றிய மரத்தில், குறிப்பாக 2003-க்கு முந்தைய பச்சை கலந்த நிறப் பலகைகளில், ஆர்செனிக் இருக்கலாம். கலிஃபோர்னியாவில் இதைச் சாதாரண மரக் கழிவோடு கலக்கக் கூடாது. இதற்கென்று அனுமதி பெற்ற கிடங்குகள்தான் வாங்கும். உங்கள் டம்ப்ஸ்டரில் அப்படிப்பட்ட கம்பங்கள் இருந்தால் கம்பெனியிடம் வெளிப்படையாகச் சொல்லிக் கேளுங்கள். எக்காரணம் கொண்டும் எரிக்காதீர்கள். புகையிலும் சாம்பலிலும் ஆர்செனிக் வரும்.

சமையல் எண்ணெயும் இந்தப் பட்டியலில் சேரும். எந்தத் திரவமும் டம்ப்ஸ்டருக்கு ஆகாது. தீபாவளிக்கு முறுக்குச் சுட்ட எண்ணெயைச் சிங்கில் ஊற்றினால் குழாய் அடைக்கும். ஆறிய பிறகு மூடியுள்ள பாட்டிலில் சேர்த்து மையத்தில் கொடுக்கலாம்.

கூரையைத் தொடாதீர்கள்

கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போன விஷயம் இது. எனக்கோ மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் பெரிதாகத் தெரிகிறது. 1962-ல் கட்டிய வீட்டின் பாப்கார்ன் கூரையில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்தக் காலத்துத் தரை டைல், முக்கியமாக ஒன்பது அங்குலச் சதுர டைல், அதன் அடியில் உள்ள கறுப்புப் பசை, சூடான காற்று போகும் குழாயைச் சுற்றிய வெள்ளை உறை ஆகியவற்றிலும் இருக்கலாம். இவற்றைச் சீண்டாமல் விட்டால் உடனடி ஆபத்து எதுவும் இல்லை. சுரண்டும்போதுதான் கண்ணுக்குத் தெரியாத இழைகள் பறக்கின்றன. காற்றில் மணிக்கணக்கில் மிதக்கும், கம்பளத்திலும் சோபாவிலும் தங்கும். சாதாரணத் துணி முகக்கவசம் இதைத் தடுக்காது. அதனால் வரும் நுரையீரல் நோயும் புற்றுநோயும் பல பத்தாண்டுகள் கழித்துத் தலைகாட்டும். வயதான மாமனாரும் குழந்தைகளும் இருக்கும் வீடு இது.

ஆகவே முதல் வேலை பரிசோதனை. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்குச் சிறு மாதிரி அனுப்ப வேண்டும். அந்த மாதிரியையும் ஒரு பயிற்சி பெற்ற ஆய்வாளர் வந்து எடுப்பது நல்லது. அகற்றும் வேலையை எதிர்பார்த்து வருபவரிடம் பரிசோதனையையும் ஒப்படைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்று எழுத்தில் வந்தால் உங்கள் திட்டப்படி செய்யலாம், டம்ப்ஸ்டர் கம்பெனி கேட்டால் அந்த அறிக்கையையே காட்டலாம்.

இருக்கிறது என்று வந்தால் உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, அதைத் தொடாமலேயே கீழே புதுப் பலகைக் கூரை அடித்து மூடிவிடுவது. கூரை நல்ல நிலையில் இருந்தால் நான் இதைத்தான் முதலில் யோசிப்பேன். செலவு குறைவாக இருக்க வாய்ப்புண்டு, இழையும் பறக்காது. பிற்காலத்தில் வீட்டை விற்கும்போது வாங்குபவரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இன்னொன்று, அகற்றுவது. 100 சதுர அடியும் அதற்கு மேலும் என்றால் இந்த வேலையைச் செய்யும் காண்ட்ராக்டருக்கு மாநில உரிமத்தில் ஆஸ்பெஸ்டாஸ் சான்றும் தொழிலாளர் பாதுகாப்புத் துறைப் பதிவும் இருக்க வேண்டும், இரண்டையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். வளைகுடாப் பகுதிக் காற்றுத் தர அமைப்புக்கு முன்னறிவிப்பு கொடுக்க வேண்டுமா என்பதையும் அவரிடம் கேளுங்கள். கழிவை நனைத்து, தடித்த பையில் இரட்டையாகக் கட்டி, ஆஸ்பெஸ்டாஸ் ஏற்கும் கிடங்குக்கு அவர்களே கொண்டுபோவார்கள். எந்தச் சூழ்நிலையிலும் இது உங்கள் டிரைவ்வேயில் நிற்கும் டம்ப்ஸ்டருக்கு உரிய பொருள் அல்ல.

1978-க்கு முந்தைய வீடு என்பதால் சுவரில் ஈயப் பெயிண்ட்டும் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்க்க வேண்டாம்.

பிக்கப் டிரக்காரர்

வேண்டாம் என்பதே என் கருத்து. எல்லாரும் ஏமாற்றுபவர்கள் என்று நான் சொல்லவில்லை. முறையாக உரிமமும் காப்பீடும் வைத்துத் தொழில் செய்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களும் பெயிண்ட்டையும் பூச்சிக்கொல்லியையும் தொட மாட்டார்கள். தொடுகிறேன் என்று சொல்பவர் அதை எங்கே கொண்டுபோவார் என்று நினைக்கிறீர்கள்? ஓக்லண்டிலும் மற்ற ஊர்களிலும் சாலையோரங்களில் குவியும் குப்பை இப்படி வந்து சேர்வதுதான். அதிகாரிகள் அந்தக் குவியலைக் கிளறி, பழைய கடித உறை, மருந்துச் சீட்டு, பில் என்று முகவரி தேடுவார்கள். கிடைப்பது உங்கள் வீட்டு முகவரியாக இருக்கும், டிரக்காரருடையதாக இருக்காது. ரொக்கம் கொடுத்ததற்கு உங்களிடம் ரசீதும் இருக்காது.

நீங்கள் போடாத டிவிக்கு யார் கட்டுவது?

இதில் உங்களுக்குக் கொஞ்சம் வழி இருக்கிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. டம்ப்ஸ்டர் உங்கள் இடத்தில் நிற்கும்வரை அதற்குள் விழுவது உங்கள் பொறுப்பு என்றுதான் ஒப்பந்தங்கள் சொல்கின்றன. பக்கத்து வீட்டுக் கேமராவில் ஆள் பதிவாகியிருந்தால் அவரிடம் பேசலாம், ஆனால் கம்பெனியிடம் அது செல்லாமல் போகலாம். டிவியை நீங்களே எடுத்துவிடுவதுதான் மலிவு. இலவசமாகப் போகும் ஒரு பொருளுக்காகத் தினசரி வாடகை கட்டிக்கொண்டு வாதாட வேண்டாம்.

கட்டணம் என்பது வேறு விஷயம். கம்பெனி விதிப்பது அரசாங்க அபராதம் அல்ல, ஒப்பந்தத்தில் உள்ள ஒரு கட்டணம் மட்டுமே. எனவே நீங்கள் கேள்வி கேட்கலாம். தடைப் பட்டியல் வாடகைக்கு எடுக்குமுன் உங்களிடம் தரப்பட்டதா? தொகை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா? எந்தப் பொருளுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருக்கிறார்களா? படம் இருக்கிறதா? டிரைவர் தூக்கவே இல்லை என்பதால் அவர்களுக்கு ஆன செலவு ஒரு வீண் பயணம்தான். அதற்கான கட்டணம் நியாயம். கழிவைப் பிரித்து அகற்றிய செலவு என்று ஒரு தொகை பில்லில் வந்தால், நடக்காத வேலைக்கு எப்படி என்று எழுத்தில் கேளுங்கள். கார்டில் தன்னிச்சையாகப் பிடித்துவிட்டால் கார்டு நிறுவனத்திடம் மறுப்புத் தெரிவிக்கலாம். அதுவும் ஆகவில்லையென்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட் (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்) இருக்கிறது. கலிஃபோர்னியாவில் தனிநபர்கள் 12,500 டாலர் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. இவ்வளவு தூரம் போக வேண்டியிருக்காது என்றே நினைக்கிறேன்.

மாமனாரின் ஊசிகள்

வீட்டில் பயன்படுத்திய ஊசிகளைக் குப்பையிலோ மறுசுழற்சித் தொட்டியிலோ போடுவது கலிஃபோர்னியாவில் 2008 செப்டம்பர் முதல் தடை. ஊரில் மூடியைப் போட்டுக் குப்பையில் எறிந்து பழகியவருக்கு இது விசித்திரமாகத்தான் இருக்கும். கோபப்படாமல் எடுத்துச் சொல்லுங்கள். மருந்துக்கடையில் ஊசிகளுக்கென்றே ஒரு கெட்டி டப்பா கிடைக்கும். பயன்படுத்தியதும் ஊசியை வளைக்காமல், மூடியைத் திரும்ப மாட்டாமல் நேரே அதில் போடச் சொல்லுங்கள். பயன்படுத்திய ஊசியையும் பழைய மருந்துகளையும் சேகரிக்கும் செலவைத் தயாரிப்பாளர்களே ஏற்க வேண்டும் என்று 2018-ல் இங்கே சட்டம் வந்தது. அதனால் இலவசமாகத் தபாலில் திருப்பி அனுப்பும் டப்பாக்கள் உண்டு, மருந்துக்கடையில் கேளுங்கள். முன்பிருந்த பெரியவரின் மருந்துகள் கராஜிலோ குளியலறையிலோ இருந்தால் அவற்றை மருந்துக்கடைகளில் உள்ள சேகரிப்புப் பெட்டியில் போடலாம்.

இன்று செய்ய வேண்டியது

டம்ப்ஸ்டரின் பின்கதவைத் திறந்து அந்த வழியாகப் பொருட்களை எடுங்கள். கண்ணாடியும் ஆணியும் இருக்கும் குவியல் மேல் ஏறாதீர்கள். கெட்டியான காலணி, கையுறை வேண்டும். எடுப்பதற்கு முன்னும் பின்னும் படம் பிடியுங்கள். மிச்சச் சாமான் பக்கச் சுவரின் விளிம்புக்கு மேலே நிற்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், உயர்ந்து நின்றால் அதற்கும் தூக்க மாட்டார்கள். செங்கல், கான்கிரீட், மண் அடியில் நிறையப் போட்டிருந்தால் எடை வரம்பு தாண்டும், டன் கணக்கில் கூடுதல் கட்டணம் வரும். அவற்றுக்குத் தனியாகச் சிறு டம்ப்ஸ்டர் எடுப்பது மலிவு. அப்புறம் ஒரு தார்ப்பாயால் மூடிக் கட்டிவிடுங்கள், இரவில் யாரும் எதையும் போட மாட்டார்கள்.

எல்லாம் முடிந்ததும் கம்பெனிக்கு இப்படி ஒரு மின்னஞ்சல் போதும்: "நீங்கள் சுட்டிக்காட்டிய பொருட்களை இன்று இத்தனை மணிக்கு அகற்றிவிட்டோம், படங்களை இணைத்திருக்கிறோம். டம்ப்ஸ்டர் எடுத்துச்செல்லத் தயாராக இருக்கிறது. இன்றைய தேதியோடு தினசரி வாடகையை நிறுத்திக்கொள்ளுமாறும், ஏதேனும் கட்டணம் இருந்தால் ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி என்று குறிப்பிடுமாறும் கேட்டுக்கொள்கிறோம்." தொலைபேசியில் பேசினாலும் இதை எழுத்தில் அனுப்பிவிடுங்கள். ஆய்வகத்தின் கூரை அறிக்கை வந்ததும், தெரியாதது ஏதாவது இருந்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.